விளையாடும் பிள்ளைகளும் வேலியாகும் பெரியோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய எல்லையூர்களிலிருந்தும், மூணாறு, பீருமேடு, உடும்பன்சோலை மலைகளிலிருந்தும் பேருந்தேறி வந்துள்ள அன்பர்களே! காலையில் ஓடியும் குதித்தும் பரிசு பெறக் காத்திருக்கும் இளஞ்செல்வங்களே!

நாம் சொற்பொழிவாளர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திப் புகைவண்டித் துறையில் எழுத்தராகப் புகுந்தோம். பயணச்சீட்டும் கணக்கேடுமே எமது உலகம். ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசும் அறிஞர்களுக்கு நடுவே எம்மையும் ஒரு பொருள் பற்றிப் பேச அழைத்தமைக்குச் செயற்குழுவுக்கு நன்றி. நாம் கேட்டுப் பெற்ற பொருள் இனிமையானதன்று. "விழா நாளில் இது வேண்டுமா?" என்று சில பெரியோர் தயங்கினர். அத்தயக்கம் இயல்பே. ஆயினும், பிள்ளைகளும் பெற்றோரும் ஒருங்கே கூடும் நாள் ஆண்டில் இஃது ஒன்றே. ஆதலின் இன்றே சொல்லத் துணிந்தோம். விளையாட்டுக் களத்திலே நம் பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமற் காப்பது எவ்வாறு என்பதே பொருள்.

முதற்கண் விளையாட்டின் பெருமையைச் சொல்லிவிடுதல் முறை. நாம் வாழும் இவ்விரு மாவட்டங்களும் ஓட்டத்திற்குப் பேர்போனவை. பாலக்காட்டின் பறளி, முண்டூர், கல்லடி ஆகிய பள்ளிகளின் பெயரை அறியாத விளையாட்டு அன்பர் கேரளத்தில் இல்லை. முண்டூரில் பயின்ற பி. யு. சித்ரா 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இடுக்கி மலையில் பிறந்த கே. எம். பீனாமோள் 2002-இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் பெற்றார். அதே மலையின் ராசாக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த பிரீசா ஸ்ரீதரன் 2010-இல் குவாங்சௌ நகரில் 10,000 மீட்டரில் முதலாவதாக வந்தார். அவர் புகைவண்டித் துறையிலும் பணி பெற்றவராதலின், எம் போன்றார்க்கு உறவினர் வென்றது போன்ற மகிழ்ச்சி. இவர்கள் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். ஓட்டம் அவர்களுக்கு உணவும் உத்தியோகமும் உயர்வும் தந்தது. தோட்டத்து லயங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் எல்லையூர்க் கூலிக்காரர் மக்களுக்கும் விளையாட்டு ஓர் ஏணி. அந்த ஏணியை எடுத்துவிட வேண்டுமென்று ஒருகாலும் சொல்லோம்.

ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

2025 சனவரியில் பத்தனந்திட்டையிலிருந்து வந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். விளையாட்டு வீராங்கனையான ஓர் ஏழைச் சிறுமி, பதின்மூன்று வயது தொடங்கி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பலரால் கெடுக்கப்பட்டதாக, மனநல ஆலோசனை கூற வந்தவர்களிடம் முதன்முறையாக வாய் திறந்தாள். பயிற்சியாளர், உடன் பயின்றோர், அக்கம்பக்கத்தார் என ஏறத்தாழ 60 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. மிகப் பலர் கைது செய்யப்பட்டனர். வழக்கின் முடிவு நீதிமன்றத்திற்கு உரியது. நாம் எண்ண வேண்டியது வேறொன்று. ஐந்து ஆண்டுகள் அப்பெண் பள்ளிக்குச் சென்றாள், களத்துக்குச் சென்றாள், வீட்டுக்கு வந்தாள். "உனக்கு என்னம்மா?" என்று கேட்டு, விடை வரும் வரை காத்திருக்க ஒருவரும் இல்லை.

2021 மே மாதத்தில் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் கைதானார். பத்தொன்பது வயது வீராங்கனை ஒருத்தி முதலில் முறையிட்டாள். பின்னர்ப் பழைய மாணவியர் மேலும் சிலர் முன்வந்தனர். 2015 மே மாதத்தில் ஆலப்புழை நீர் விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் நான்கு சிறுமியர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றனர், ஒருத்தி இறந்தாள். அங்கு அவர்கள் துன்புறுத்தப்பட்டனர் என்று உறவினர் புலம்பினர். இன்னும் முன்னே சென்றால், 1990-இல் அரியானா மாநிலத்துப் பஞ்ச்குலாவில் ருச்சிகா என்னும் பதினான்கு வயது டென்னிசு ஆட்டக்காரியை, மாநில டென்னிசு சங்கத்தின் தலைவராயிருந்த உயர் காவல் அதிகாரியே தீண்டி இழிவு செய்தார். முறையிட்ட குற்றத்திற்காக அக்குடும்பம் பட்ட பாடு கொஞ்சமன்று. 1993 திசம்பரில் அச்சிறுமி தன் உயிரை விட்டாள். அதிகாரி குற்றவாளி என்று முதன்முதல் தீர்ப்பானது 2009 திசம்பரில். பத்தொன்பது ஆண்டுகள்! சிறுமி சொன்னது உண்மை என்பதை நாடு ஒப்புக்கொள்ள அவள் வாழ்ந்ததைவிட நீண்ட காலம் ஆயிற்று.

இது ஏழை நாட்டின் குறை என்றும் எண்ணற்க. அமெரிக்காவில் சிம்னாசுடிக்சு வீராங்கனையரின் மருத்துவராயிருந்த லாரி நாசர், சிகிச்சை என்னும் பெயரால் எண்ணற்ற சிறுமியரைக் கெடுத்தார். அவரைப் பற்றி ஒரு பெண் தன் பயிற்சியாளரிடம் 1997-இலேயே சொன்னாள். அவளை நம்புவார் இல்லை. 2016-இல் ஒரு செய்தித்தாள் எழுதிய பின்னரே அவர் பிடிபட்டார். 2018 சனவரியில் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தம் துயரத்தைச் சொன்னார்கள்.

ஓரிடத்தின் செய்தியை மற்றோரிடத்தோடு ஒப்பிட்டால், எல்லாவற்றிலும் ஒரே நடைமுறை தோன்றுகிறது. தீயவன் முதலில் நல்லவனாகவே வருவான். பெற்றோரின் நன்மதிப்பைப் பெறுவான். ஏழைப் பிள்ளைக்குக் காலணி வாங்கித் தருவான். "உன்னிடம் தனித் திறமை இருக்கிறது, உனக்குத் தனிப் பயிற்சி வேண்டும்" என்பான். பிறகு இரவில் கைப்பேசியில் செய்தி அனுப்புவான். தசைப்பிடிப்பை நீக்குவதாகச் சொல்லித் தொடுவான். பின்பு, "இதை யாரிடமும் சொல்லாதே" என்பான்.

ஈண்டு ஒரு சிறு பழக்கத்தைச் சுட்டுதல் வேண்டும். வயது வரம்புப் போட்டிகளிலே பிள்ளையின் வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. பெற்றோரும் அதற்கு உடன்படுகிறோம். அன்றே அந்தப் பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: பயிற்சியாளர் சொன்னால் பொய்யும் சொல்லலாம், அவரோடு மறைபொருள் ஒன்று வைத்துக்கொள்ளலாம், அப்பாவும் அம்மாவும் அதற்குச் சம்மதிப்பார்கள். முதல் மறைபொருளுக்கு நாமே கதவு திறந்துவிடுகிறோம்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை? அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் இருப்பதே முதற் காரணம். குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, யார் மாநிலப் போட்டிக்குச் செல்வது என்பதெல்லாம் பயிற்சியாளர் சொல். தேர்வில் கிடைக்கும் சலுகை மதிப்பெண்ணும், கல்லூரியில் கிடைக்கும் விளையாட்டு இடமும், பிற்காலத்தில் கிடைக்கும் அரசு வேலையும் அவர் எழுதும் ஒரு பெயர்ப்பட்டியலில் தொங்குகின்றன. இரண்டாவது காரணம், சொன்னால் வீட்டில் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள் என்னும் அச்சம். மூன்றாவது காரணம் நாணம். இம்மூன்றும் சேர்ந்து பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றன.

இஃது எமக்கு எவ்வாறு தெரியும் என்று கேட்பீர்கள். நாமும் ஓடியவர்களே. பதினான்கு வயதில் 800 மீட்டர் ஓட்டத்தில் எமது பள்ளியில் எம்மை வெல்வார் இல்லை. ஒரு கோடை விடுமுறையில் வேற்றூரில் பயிற்சி முகாம். வகுப்பறைப் பலகைகளைச் சேர்த்துப் போட்டு இரவில் படுக்கை. பயிற்சி அளிக்க வந்தவர் எமக்கு முள் பதித்த காலணி ஒன்று வாங்கித் தந்தார். தந்தையார் இருப்புப்பாதைத் தொழிலாளி. அத்தகைய காலணியை அவர் கண்ணாற் கண்டதில்லை. "கடவுள் போன்ற மனிதர்" என்று அவரைக் கைகூப்பினார். முகாமின் நான்காம் இரவு நிகழ்ந்ததை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. தாய்மார் புரிந்துகொள்வர்.

வீடு திரும்பினோம். காலணியைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். மறுபடி அதை அணியவில்லை. ஓடவும் இல்லை. "சோம்பேறி, நன்றி கெட்டவன்" என்று தந்தையார் திட்டினார். ஒரு நாள் அடித்தார். அவர் மேல் பிழையில்லை. அவருக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2025 சனவரியில் பத்தனந்திட்டைச் செய்தியைப் படித்த இரவில்தான், வாழ்க்கைத் துணைவியிடம் இதை முதன்முதலாகச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நம் பிள்ளை விளையாடப் போகும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்" என்றார். இவ்வுரை அச்சொல்லிலிருந்து பிறந்ததே.

ஆண் பிள்ளைக்கு என்ன நேரும் என்று இருந்துவிடுவோர் உளர். 2007-இல் நடுவணரசின் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளைக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறியோர் நூற்றுக்கு 53 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஆண் பிள்ளைகள். இவ்வுண்மையை எமது தந்தையார் காலத்தில் எவரும் சொல்லவில்லை. நாமாவது சொல்ல வேண்டும்.

மற்றொன்றும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியது. விளையாட்டுக் குழுக்களுக்குப் புகைவண்டிக் கட்டணத்தில் சலுகை இருந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர்ச் சலுகைப் படிவங்கள் எமது சாளரத்திற்கு வரும். முத்திரை தெளிவாக உள்ளதா, கையொப்பம் உள்ளதா, பெயரும் எண்ணிக்கையும் ஒத்துவருகின்றனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். ஒருமுறை பன்னிரண்டு சிறுமியருக்கும் ஓர் ஆடவருக்கும் சீட்டுக் கொடுத்தோம். இரண்டு இரவுப் பயணம். உடன் ஒரு பெண்மணி உண்டா என்று நாம் கேட்கவில்லை. அது எமது வேலையன்று என்று எண்ணினோம். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம், பெரும்பாலோர் நல்லவரே. ஆனால் தம் அனுபவத்தால் அறிந்த நாமே கேட்கவில்லை என்றால், வேறு யார் கேட்பார்?

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், சுருக்கமாகப் போக்சோ, 2012-இல் நிறைவேறி அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாரையும் அது காக்கிறது. குற்றம் நடந்ததென அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை; தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பிள்ளைக்கு அத்தண்டனை இல்லை. பிள்ளையின் பெயரையோ படத்தையோ செய்தியில் வெளியிடலாகாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெறலாம். வரும் காவலர் சீருடையில் இருத்தல் கூடாது. கூடுமானவரை பெண் அதிகாரியே எழுத வேண்டும்.

மொழிச் சிறுபான்மையினராகிய நமக்கு இச்சட்டத்தில் ஒரு சிறப்புண்டு. பிள்ளைக்குப் புரியாத மொழியில் முறையீடு எழுதப்படுமாயின், மொழிபெயர்ப்பாளரை அமர்த்தித் தருதல் வேண்டும் என்று அது விதிக்கிறது. மலையாளம் தெரியாத தோட்டத்துத் தாய் காவல் நிலைய வாயிலில் நின்று திரும்பிவர வேண்டியதில்லை. "எம் பிள்ளை தமிழில் சொல்லும்; தமிழறிந்தவரை அழையுங்கள்" என்று கேட்கலாம். அது சலுகையன்று, உரிமை. எல்லையூரார்க்கு இன்னொரு ஐயம் எழும். பிள்ளை இங்கே, பயிற்சி பொள்ளாச்சியில். எந்த மாநிலக் காவலரிடம் போவது? குற்றம் எங்கு நடந்திருப்பினும் அருகிலுள்ள நிலையத்தில் முறையிடலாம் என்பதை 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. நள்ளிரவாயினும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

முதல் எச்சரிக்கையைப் புறக்கணித்தால் என்னாகும் என்பதற்கு நம் வாளையாறே சான்று. அஃது ஆடுகளத்தில் நிகழ்ந்ததன்று. ஆயினும் நமது எல்லையில் நிகழ்ந்தது. 2017 சனவரி 13-இல் பதின்மூன்று வயது மூத்தவள் இறந்து கிடந்தாள். அவள் கெடுக்கப்பட்டிருந்தமைக்கான அறிகுறி பிணப் பரிசோதனையிலேயே தென்பட்டது. உரிய நடவடிக்கை இல்லை. மார்ச்சு 4-இல் ஒன்பது வயதுத் தங்கையும் அதே வீட்டில் இறந்து கிடந்தாள். இடையே இருந்தவை ஐம்பது நாட்கள். வாளையாறு நிலையத்தை வண்டி கடக்கும்போதெல்லாம் அந்த ஐம்பது நாட்களை எண்ணாமல் இருக்க இயலவில்லை.

அரசும் இப்போது விழித்திருக்கிறது. 2022 சூனில் வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சென்ற மிதிவண்டி வீராங்கனை ஒருவர் தம் பயிற்சியாளர் மீது முறையிட்டார். அதனைத் தொடர்ந்து, வீராங்கனையர் செல்லும் குழுவுடன் பெண் பயிற்சியாளர் ஒருவர் செல்ல வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் கூட்டமைப்புகளுக்கு அறிவுறுத்தியது. 2025-இல் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை வேண்டுமென்கிறது. ஆனால் தில்லியில் எழுதிய சட்டம் கொழிஞ்சாம்பாறைத் திடலுக்கு நடந்துவர நாளாகும். அதுவரை நாமே வேலியாதல் வேண்டும்.

ஆதலின் நமது சங்கம் நடத்தும் ஆண்டுப் போட்டிக்கும் கோடைப் பயிற்சிக்கும் சில முறைகளை இந்த அவையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருத்தல் ஆகாது. பயிற்சி பலர் காண நடைபெறுக. இரண்டாவது, வெளியூர் செல்லும் குழுவில் குறைந்தது இரு பெரியவர் வேண்டும். சிறுமியர் இருப்பின் ஒருவர் பெண்ணாக வேண்டும். பெரியவர் படுக்கை வேறு, பிள்ளைகள் படுக்கை வேறு. மூன்றாவது, கைப்பேசிச் செய்திகள் பெற்றோரும் உள்ள குழுவிற்கே வருக; தனிச் செய்தி வேண்டா. நான்காவது, அடிபட்டால் மருந்திடுவதும் தசை நீவுவதும் வெளியிடத்தில், மற்றொருவர் முன்னிலையில், பிள்ளையின் சம்மதத்தோடு நிகழ்க. ஐந்தாவது, பயிற்சியாளரை அமர்த்துமுன் அவர் முன்பு பணிசெய்த இடத்தில் விசாரித்தறிக. ஆறாவது, அடித்தும் இழித்தும் பயிற்சி தருதல் ஒழிக. அடிக்குப் பழகிய பிள்ளை எதையும் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும். ஏழாவது, பிள்ளைகள் முறையிட இருவரை, அவருள் ஒருவர் பெண்ணாக, சங்கம் அமர்த்துக. அவர்தம் எண்ணும் 1098-ம் திடலின் வாயிலில் பெரிய எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்படுக.

இறுதியாக ஒன்று. முறையீடு வந்தால் சங்கம் நாட்டாண்மை செய்தல் ஆகாது. சமரசம் பேசுவதும், மன்னிப்பு எழுதி வாங்குவதும், "சங்கத்தின் பெயர் கெடும்" என்று மூடி வைப்பதும் குற்றம். மூடி வைத்ததனால் கெட்ட பெயர்களே உலகில் மிகுதி. காவல்துறைக்குச் சொல்வதே சங்கத்தின் கடமை. விசாரிப்பது சட்டத்தின் கடமை.

இவ்விதிகளால் நல்ல பயிற்சியாளர் மனம் புண்படுவரோ என்று சிலர் கேட்டனர். கல்லாங்குத்தான திடலில் அதிகாலை ஐந்து மணிக்கு வந்து, தம் ஊதியத்தில் பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் வாங்கித் தரும் ஆசிரியர்களை நாம் அறிவோம். அவர்கள் கால் பட்ட மண்ணுக்கு வணக்கம். கருவூலத்தில் இரு சாவி வைப்பது காசாளரை இழிவு செய்வதன்று, அவரைக் காப்பதே. நாள்தோறும் கணக்கு ஒப்படைக்கும் எமக்கு அது நன்கு தெரியும். மறைவிடம் இல்லாத களத்தில் நல்லவருக்கு வீண்பழியும் வாராது.

பெற்றோர்களே! இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், "வென்றாயா? எத்தனையாவது வந்தாய்?" என்று மட்டும் கேளாதீர். "யாரோடு இருந்தாய்? எது பிடித்தது? எது பிடிக்கவில்லை?" என்றும் கேளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை காரணமின்றி ஓட மறுத்தால், சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு காலணி இருக்கக்கூடும்.

பிள்ளைகளே! உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் உடம்பு உங்களுடையது. யாராவது உங்களிடம் தகாதபடி நடந்தால், அதில் உங்கள் பிழை எள்ளளவும் இல்லை. பரிசு தந்தவராயினும், குரு ஆயினும், உறவினர் ஆயினும், சொல்லுங்கள். ஒருவர் நம்பாவிட்டால் மற்றொருவரிடம் சொல்லுங்கள். நம்பும் ஒருவர் கிடைக்கும் வரை சொல்லுங்கள். உங்கள் ஓட்டத்தை எவர் பொருட்டும் நிறுத்த வேண்டியதில்லை.

நாம் நிறுத்திய ஓட்டம் முப்பது ஆண்டுக்கு முற்பட்டது. அதை இனித் தொடர இயலாது. ஆனால் இன்று காலை நமது திடலில் நூறு மீட்டர் ஓடிய சிறுவர் சிறுமியரைக் கண்டோம். அவர்கள் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் நாள் வரை ஓட வேண்டும். அதற்கான ஏழு முறைகளையும் சங்கம் இன்றைய பொதுக்குழுவிலேயே தீர்மானமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.